தரங்கம்பாடியின் வரலாறு

தரங்கம்பாடி என்பது தமிழ்நாட்டின் சோழ மண்டலக் கடற்கரையில், மயிலாடுதுறை மாவட்டத்தில் அமைந்துள்ள ஒரு கடற்கரை ஊர் ஆகும். 1620 முதல் 1845 வரை, இடையிடையே நிகழ்ந்த ஆங்கிலேய ஆக்கிரமிப்புக் காலங்கள் நீங்கலாக, இவ்வூர் டென்மார்க் நாட்டவரின் வணிகக் குடியேற்றமாக விளங்கியது. ஐரோப்பியர் இதனை டிராங்குபார் என அழைத்தனர். இந்தியாவிற்கு வந்த முதல் சீர்திருத்தத் திருச்சபை மறைப்பணியாளர்கள் கரையிறங்கிய இடமாகவும், 18-ஆம் நூற்றாண்டில் தமிழ் அச்சுக்கலை மீண்டும் உயிர்பெற்ற இடமாகவும் இவ்வூர் அறியப்படுகின்றது.

அமைவிடம்

தரங்கம்பாடி காரைக்காலுக்கு வடக்கே, அங்கிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வங்காள விரிகுடாக் கரையில் அமைந்துள்ளது. பண்டைய துறைமுகமான பூம்புகார் இதற்கு வடக்கே உள்ளது. காவிரிப் படுகையின் கடைக்கோடிப் பகுதியாதலால் சுற்றுப்புறம் நெல்வயல்கள் நிறைந்தது. மேற்கே அடுத்துள்ள பொறையாறும், அதனை அடுத்த தில்லையாடியும் தரங்கம்பாடியின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடைய ஊர்களாகும். முன்னர் தஞ்சாவூர் மாவட்டத்திலும், பின்னர் நாகப்பட்டினம் மாவட்டத்திலும் இருந்த இப்பகுதி, 2020-இல் உருவாக்கப்பட்ட மயிலாடுதுறை மாவட்டத்தில் இணைக்கப்பட்டது. தரங்கம்பாடி ஒரு வட்டத்தின் பெயராகவும் உள்ளது.

பெயர்க் காரணம்

தரங்கம் என்னும் சொல் அலையைக் குறிக்கும். பாடி என்பது ஊர் அல்லது குடியிருப்பு எனப் பொருள்படும். ஆகவே தரங்கம்பாடி என்பதற்கு அலைகள் மோதும் ஊர் எனப் பொருள் கொள்ளலாம். இங்குள்ள மாசிலாமணிநாதர் கோயிலின் கல்வெட்டில் இவ்வூர் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கப்படுகின்றது. பின்னைய பெயர் பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரனின் பெயரால் அமைந்ததாகும். பட்டினம் என்னும் ஈறு, டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூர் வணிகம் நடைபெற்ற கடற்கரை ஊராக இருந்ததைக் காட்டுகின்றது.

மாசிலாமணிநாதர் கோயில்

தரங்கம்பாடியில் இன்று காணப்படும் கட்டடங்களுள் மிகப் பழைமையானது மாசிலாமணிநாதர் கோயில் ஆகும். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுப்பப்பட்ட இச்சிவன் கோயில் கடலை ஒட்டியே நின்றது. நூற்றாண்டுகள் தோறும் கடல் சிறிது சிறிதாகக் கரையை அரித்ததால் கோயிலின் முன்பகுதிகள் இடிந்து அலைகளுக்குள் சென்றன. கரையோரம் கற்கள் கொட்டப்பட்ட பின்னரே எஞ்சிய பகுதி காக்கப்பட்டது. அண்மைக் காலத்தில் கோயில் திருப்பணி செய்யப்பட்டுள்ளது. கடலரிப்பு இவ்வூரின் வரலாறு முழுவதும் தொடரும் ஒரு சிக்கலாகும்.

டேனியர் வருகை

டென்மார்க் அரசர் நான்காம் கிறித்தியான் காலத்தில், 1616-இல் டேனிய கிழக்கிந்தியக் கம்பனி தொடங்கப்பட்டது. கம்பனியின் முதற் குறி தரங்கம்பாடி அன்று, இலங்கையே ஆகும். அக்காலத்தில் கண்டி அரசர் செனரத் போர்த்துக்கேயருக்கு எதிராக ஐரோப்பிய உதவியை நாடியிருந்தார். அவருடைய தூதராகச் சென்ற மார்செலிஸ் போஷோவர் என்பவர் டேனிய அரசருடன் உடன்பாடு ஒன்றைச் செய்து கொண்டார். அதன்படி ஓவே கெட்டே என்னும் இளம் கடற்படைத் தலைவரின் கீழ் ஒரு கப்பல் தொகுதி 1618-இல் கோப்பன்கேகனில் இருந்து புறப்பட்டது. போஷோவர் வழியிலேயே இறந்தார். கப்பல்கள் 1620-இல் இலங்கையை அடைந்தபோது செனரத் போர்த்துக்கேயருடன் சமாதானம் செய்து கொண்டிருந்ததால் உடன்பாட்டை ஏற்க மறுத்துவிட்டார். திருகோணமலையில் காலூன்ற எடுத்த முயற்சியும் நிலைக்கவில்லை.

இதற்கிடையில், முன்னதாக அனுப்பப்பட்டிருந்த ஓரெசுண்ட் என்னும் கப்பல் காரைக்காலுக்கு அருகே போர்த்துக்கேயரால் தாக்கி அழிக்கப்பட்டது. அதில் வந்த ஒல்லாந்தரான ரோலண்ட் கிராப்பே சில தோழர்களுடன் உயிர் தப்பித் தஞ்சை நாயக்கர் அரசவையை அடைந்தார். அப்போது தஞ்சையை ஆண்டவர் இரகுநாத நாயக்கர் ஆவார். நாகப்பட்டினத்தில் வலுப்பெற்றிருந்த போர்த்துக்கேயருக்குப் போட்டியாக வேறொரு ஐரோப்பிய வணிகர் கூட்டம் தம் கடற்கரையில் இருப்பது நாயக்கருக்கும் பயன்தருவதாக இருந்தது. கப்பலை இழந்து வந்தவரின் பேச்சுவார்த்தையே டேனியருக்குத் தமிழகத்தில் இடம் பெற்றுத் தந்தது.

1620 நவம்பர் 20-இல் இரகுநாத நாயக்கருக்கும் ஓவே கெட்டேக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்டது. ஆண்டுதோறும் கப்பம் செலுத்தும் நிபந்தனையுடன் தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும் வணிகம் செய்யவும் டேனியர் உரிமை பெற்றனர். இதனையொட்டி நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன் ஓலையில் தமிழில் எழுதி அனுப்பிய மடல், டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றது.

டான்சுபோர்க் கோட்டை

உடன்படிக்கையைத் தொடர்ந்து கடற்கரையில் கட்டப்பட்டதே டான்சுபோர்க் கோட்டை ஆகும். ஆளுநரின் இருப்பிடம், சரக்கறைகள், வெடிமருந்துக் கிடங்கு, படைவீரர் தங்குமிடம், சிறை ஆகிய அனைத்தும் இதனுள் இருந்தன. நகரம் வளர்ந்த பின்னர் ஆளுநர் கோட்டைக்கு வெளியே தனி மாளிகையில் வாழத் தொடங்கினார். ஆங்கிலேயர் காலத்திலும் விடுதலைக்குப் பின்னரும் பயணியர் மாளிகையாகப் பயன்பட்ட இக்கோட்டையைத் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை பொறுப்பேற்று, 1979-இல் இங்கு ஓர் அருங்காட்சியகத்தை அமைத்தது.

கைவிடப்பட்ட ஆண்டுகள்

டேனியரின் வணிகம் எதிர்பார்த்த இலாபத்தைத் தரவில்லை. கப்பல்கள் பல மூழ்கின. ஐரோப்பாவில் நடந்த போர்களால் டென்மார்க்கின் கருவூலமும் வறண்டது. இதன் விளைவாக 1669 வரை நெடுங்காலம் டென்மார்க்கில் இருந்து ஒரு கப்பல்கூடத் தரங்கம்பாடிக்கு வரவில்லை. இங்கிருந்த டேனியர் ஒருவர் பின் ஒருவராக நோயால் இறந்தனர், அல்லது ஊரைவிட்டு நீங்கினர்.

இறுதியில் கோட்டையின் பொறுப்பு எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்சுபாக்கே என்பவரிடம் வந்தது. உயர்குடியில் பிறவாத இவர், உள்ளூர் மக்களின் துணையுடன் கோட்டையைக் காத்தார். கடலில் கப்பல்களைக் கைப்பற்றியும் சிறு வணிகம் செய்தும் செலவுகளை ஈடுகட்டினார். தஞ்சையின் தாக்குதல்களைத் தடுக்க நகரைச் சுற்றி மதில் எழுப்பியவரும் இவரே. 1669-இல் ஃபேரோ என்னும் டேனியக் கப்பல் வந்தபோது கோட்டையில் டேனியக் கொடி பறந்து கொண்டிருந்தது. 1670-இல் இரண்டாவது டேனிய கிழக்கிந்தியக் கம்பனி தொடங்கப்பட இது வழிவகுத்தது.

நாயக்கர் ஆட்சிக்குப் பின் தஞ்சையை ஆண்ட மராட்டியருடன் டேனியரின் உறவு பலமுறை சீர்குலைந்தது. 1699-இல் தஞ்சைப் படைகள் தரங்கம்பாடியை நீண்ட காலம் முற்றுகையிட்டன. சென்னையில் இருந்த ஆங்கிலேயர் அனுப்பிய உதவியால் நகர் தப்பியது.

மறைப்பணியாளர் வருகை

டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கால் அனுப்பப்பட்ட பர்த்தலோமேயு சீகன்பால்க், ஐன்ரிக் புளுட்சோ என்னும் இரு ஜெர்மானியர் 1706 சூலை 9-இல் தரங்கம்பாடியை வந்தடைந்தனர். வணிகத்திற்கு இடையூறு நேரும் எனக் கருதிய கம்பனி அதிகாரிகள் இவர்களை வரவேற்கவில்லை. கடன் வழக்கொன்றில் தமிழ் விதவை ஒருவருக்காகப் பரிந்து பேசியதும், அதனைத் தொடர்ந்த பூசல்களும் காரணமாக, சீகன்பால்க் 1708-இன் இறுதியில் ஆளுநர் ஆசியுசால் டான்சுபோர்க் கோட்டையில் சிறையிடப்பட்டு நான்கு மாதங்கள் கழித்தே விடுவிக்கப்பட்டார்.

சீகன்பால்க் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களுடன் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். கம்பனியின் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் என்பவர் அவருக்குப் பேச்சுமொழியைக் கற்பித்தார். ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கியும் படியெடுத்தும் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைத் திரட்டி, 1708-இல் அவற்றிற்கு விளக்கப் பட்டியல் ஒன்றை எழுதினார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை அதே ஆண்டில் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய விரிவான நூலை ஜெர்மனியில் இருந்த மறைப்பணி மேலாளர்கள் அச்சிட விரும்பவில்லை. ஏறத்தாழ 150 ஆண்டுகள் கழித்து, 1867-இல் சென்னையிலேயே அது அச்சேறியது. அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716-இல் ஜெர்மனியின் ஆலே நகரில் வெளியானது.

1719 பெப்ரவரி 23-இல் தமது 36-ஆம் வயதில் சீகன்பால்க் தரங்கம்பாடியில் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டில் தாம் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அச்சுக்கூடம்

தமிழ் அச்சு தரங்கம்பாடியில் தோன்றியதன்று. 1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சான பழைய நூலாகும். எனினும் அம்முயற்சிகள் தொடரவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் நூல்கள் பெரும்பாலும் ஓலையிலேயே எழுதப்பட்டு வந்தன.

தரங்கம்பாடிக்கான அச்சு இயந்திரம் இலண்டனில் இருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தால் அனுப்பப்பட்டது. அதனை ஏற்றி வந்த கப்பல் பிரேசில் அருகே பிரெஞ்சுக்காரரிடம் அகப்பட்டு மீண்டது. உடன் வந்த அச்சாளர் யோனாசு ஃபிங்க் வழியிலேயே இறந்தார். 1712-இல் இயந்திரம் வந்து சேர்ந்தபோது அதில் இலத்தீன் எழுத்துகளே இருந்தன. ஆலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்து சேர்ந்தன; அவ்வாண்டிலேயே தமிழ் அச்சுப்பணி தொடங்கியது. அவ்வெழுத்துகள் அளவிற் பெரியனவாக இருந்ததால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே பொறையாறில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. தாள் தட்டுப்பாட்டைப் போக்க அங்கேயே தாள் ஆலை ஒன்றும் 1715-இல் அமைக்கப்பட்டது. கடுதாசிப்பட்டறை என்னும் இடப்பெயர் அதன் நினைவாக வழங்குகின்றது.

சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு இவ்வச்சுக்கூடத்தில் 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக அச்சாயிற்று. ஒரே நூலின் நூற்றுக்கணக்கான படிகளை ஒத்த வடிவில் பெறலாம் என்னும் நிலை தமிழுக்கு இதனால் மீண்டும் ஏற்பட்டது. தரங்கம்பாடியாரின் வெளியீடுகளை மறுத்துக் கத்தோலிக்கத் துறவியான வீரமாமுனிவர் வேத விளக்கம், லுத்தேரினத்தியல்பு ஆகிய நூல்களை எழுதினார். இவ்விவாதம் தமிழ் உரைநடை வளர்ச்சிக்கும் ஒரு தூண்டுதலாக அமைந்தது.

பள்ளிகளும் சமூகமும்

மறைப்பணியாளர் தமிழ்ப் பள்ளிகளையும் போர்த்துக்கேயப் பள்ளியையும் நடத்தினர். பெண் குழந்தைகளுக்கெனத் தனிப் பள்ளி ஒன்றும் 1707-இலேயே தொடங்கப்பட்டது. 1733 திசம்பர் 28-இல் ஆரோன் என்பவர் இந்தியாவின் முதல் சீர்திருத்தத் திருச்சபைக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

எனினும் சாதி வேற்றுமைகள் ஆலயத்திற்குள்ளும் தொடர்ந்தன. வழிபாட்டில் வெவ்வேறு சாதியினர் தனித்தனியே அமர்ந்தனர். ஆரோன் வேளாளர் குலத்தவர். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து, நெடுங்காலம் உபதேசியாராகச் சிறப்பாகப் பணியாற்றிய இராசநாயக்கனுக்குக் குருப்பட்டம் அளிக்கப்படவில்லை. அவர் கையால் திருவிருந்தைப் பெறுவதற்கு மேல்சாதிக் கிறித்தவர் உடன்படார் என்பதே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

வணிகத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்

துணி வகைகள், மிளகு முதலியன டேனியரின் முதன்மை வணிகப் பொருள்களாக இருந்தன. 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒருவரோடொருவர் போரிட்ட காலங்களில் நடுநிலை நாடான டென்மார்க்கின் கொடிக்கு மதிப்பு உயர்ந்தது. ஆங்கிலக் கம்பனி ஊழியர்கள் பலர் தம் தனிப்பட்ட வணிகத்திற்கும், இந்தியாவில் ஈட்டிய செல்வத்தை ஐரோப்பாவிற்கு அனுப்புவதற்கும் டேனியக் கப்பல்களைப் பயன்படுத்தினர். 1777-இல் தரங்கம்பாடியின் ஆட்சி வணிகக் கம்பனியிடம் இருந்து நேரடியாக டேனிய அரசுக்கு மாறியது. மன்னர் தெருவிலுள்ள பெரிய வீடுகளும், 1792-இல் புதுப்பித்துக் கட்டப்பட்ட நகர வாயிலும் இவ்வளமான காலத்தை நினைவூட்டுகின்றன.

நெப்போலியப் போர்களில் டென்மார்க் நடுநிலையை இழந்தது. ஆங்கிலேயர் தரங்கம்பாடியை 1801-இல் கைப்பற்றி மறு ஆண்டில் திருப்பித் தந்தனர். 1808-இல் மீண்டும் கைப்பற்றி 1815 வரை தம்மிடம் வைத்திருந்தனர். திரும்பப் பெற்றபோது வணிகம் அடியோடு நலிந்திருந்தது. ஐரோப்பிய ஆலைத் துணிகளின் வரவால் கைத்தறித் துணிகளுக்கான சந்தையும் சுருங்கிவிட்டது. இறுதியில் 1845-இல் தரங்கம்பாடியும் வங்காளத்திலிருந்த செராம்பூரும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு விற்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 7-இல் தரங்கம்பாடியில் டேனியக் கொடி இறக்கப்பட்டது. கடைசி ஆளுநர் பீட்டர் ஆன்சன் ஆவார்.

ஆங்கிலேயர் 1845-இல் தஞ்சை மாவட்டத் தலைமையிடத்தைத் தரங்கம்பாடிக்கு மாற்றினர். 1860-இல் அது தஞ்சாவூருக்கு மாற்றப்பட்டது. அதன் பின்னர் வந்த இருப்புப்பாதை நாகப்பட்டினத்தை வளர்த்தது. தரங்கம்பாடி ஒதுங்கிய ஊராயிற்று. 1926-இல் மயிலாடுதுறையில் இருந்து தரங்கம்பாடிக்கு இருப்புப்பாதை போடப்பட்டு 1986-இல் மூடப்பட்டது.

குறிப்பிடத்தக்கவர்கள்

யோகான் கெரார்டு கோனிக்: தாவரவியல் அறிஞர் லின்னேயசின் மாணவர். 1768-இல் மறைப்பணி மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து, தென்னிந்தியத் தாவரங்களை அறிவியல் முறையில் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார்.

கிறித்தோப் சாமுவேல் யோன்: மறைப்பணியாளர், இயற்கை ஆய்வாளர். இவர் பெர்லினுக்கு அனுப்பிய மீன்களை ஆராய்ந்த மார்கசு புளோக், ஒரு மீன் பேரினத்திற்கு இவர் பெயரால் யோனியசு எனப் பெயரிட்டார். ஒரு புறா இனத்தின் அறிவியற் பெயரிலும் தரங்கம்பாடியின் பெயர் இடம்பெற்றுள்ளது.

பீட்டர் ஆங்கர்: 1788 முதல் 1806 வரை ஆளுநராக இருந்த நோர்வேக்காரர். தரங்கம்பாடியையும் தென்னிந்தியக் கோயில்களையும் இவர் வரைந்த ஓவியங்கள் அக்கால நிலையை அறிய உதவுகின்றன.

கத்தரீன் வோர்லே: 1762-இல் தரங்கம்பாடியில் பிறந்தவர். பின்னாளில் நெப்போலியனின் வெளியுறவு அமைச்சர் தலேராந்தை 1802-இல் மணந்து பிரான்சின் உயர்குடி வாழ்வில் இடம்பெற்றார்.

வேதநாயக சாத்திரியார் (1774–1864): தஞ்சையில் வாழ்ந்த கிறித்தவத் தமிழ்ப் புலவர். தரங்கம்பாடியில் யோன் முதலியோரிடம் கல்வி பயின்றவர்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889): 1879-இல் வெளியான முதல் தமிழ்ப் புதினமான பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர். தரங்கம்பாடியில் முன்சீப்பாகப் பணியாற்றியவர்.

தில்லையாடி வள்ளியம்மை (1898–1914): தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். இவருடைய குடும்பம் முன்னர் டேனிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த தில்லையாடியைச் சேர்ந்தது. காந்தியின் அறப்போராட்டத்தில் சிறை சென்று, விடுதலையான சில நாள்களில் நோயால் இறந்தார். காந்தி 1915-இல் தில்லையாடிக்கு வந்தார். அங்கு வள்ளியம்மைக்கு நினைவு மண்டபம் உள்ளது.

ஆழிப்பேரலையும் இன்றைய நிலையும்

2004 திசம்பர் 26-இல் ஏற்பட்ட ஆழிப்பேரலை தரங்கம்பாடியைக் கடுமையாகத் தாக்கியது. கடலை ஒட்டி வாழ்ந்த மீனவர் குடும்பங்களே பேரிழப்பிற்கு உள்ளாயின. பலர் உயிரிழந்தனர், வீடுகளும் படகுகளும் வலைகளும் அழிந்தன. டான்சுபோர்க் கோட்டை நிலைத்து நின்றது.

ஆழிப்பேரலைக்குப் பின் மீனவர்களுக்குப் புதிய குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் பணிகளில் தமிழ்நாடு அரசும், டென்மார்க்கைச் சேர்ந்த அமைப்புகளும், இந்தியக் கலை மற்றும் பண்பாட்டு மரபுரிமைக்கான தேசிய அறக்கட்டளையும் ஈடுபட்டன. சீகன்பால்க் வாழ்ந்த வீட்டில் 2017-இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. டேனியக் கடல்கடந்த வணிகக் கம்பனிகளின் ஆவணங்கள் 1997-இல் யுனெசுக்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

மறைப்பணியின் வழிவந்த தமிழ் சுவிசேட லுத்தரன் திருச்சபை 1919-இல் உருவானது. அதன் தலைமையகம் திருச்சிராப்பள்ளியில் இருப்பினும், அதன் தலைவர் தரங்கம்பாடிப் பேராயர் என்றே அழைக்கப்படுகின்றார்.

முக்கிய நிகழ்வுகள்

1616 – டேனிய கிழக்கிந்தியக் கம்பனி தொடக்கம்
1620 – இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை
1669 – ஃபேரோ கப்பல் வருகை
1699 – தஞ்சைப் படைகளின் முற்றுகை
1706 – சீகன்பால்க், புளுட்சோ வருகை
1713 – தமிழ் அச்சுப்பணி தொடக்கம்
1714–1715 – தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேற்றம்
1718 – புதிய எருசலேம் ஆலயம் நிறைவு
1733 – ஆரோன் குருவாதல்
1777 – டேனிய அரசின் நேரடி ஆட்சி
1801, 1808 – ஆங்கிலேயர் கைப்பற்றல்
1845 – ஆங்கிலக் கம்பனிக்கு விற்பனை
1860 – மாவட்டத் தலைமையிடம் தஞ்சாவூருக்கு மாற்றம்
1979 – டான்சுபோர்க் கோட்டையில் அருங்காட்சியகம்
2004 – ஆழிப்பேரலை
2020 – மயிலாடுதுறை மாவட்டத்தில் இணைப்பு